சொத்தவிளை மணலில் பனிச்சரிவுக் கருவி

நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு, பனிச்சரிவில் புதைந்த ஆளைத் தேடும் கருவியைப் பற்றி ஒருவன் எழுதுகிறான் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். எனக்கே வருகிறது. இங்கே பனி என்றால் மார்கழிக் காலையில் பூதப்பாண்டி வயலில் நிற்கிற மூடுபனி, அதற்கே அம்மா காதில் துண்டைக் கட்டச் சொல்வாள். ஆனால் எனக்குத் தெரிந்தே நம் மாவட்டத்திலிருந்து நாலைந்து குழுக்கள் குளிர்காலம் வந்தால் உத்தரகண்ட், இமாச்சல், காஷ்மீர் என்று பனியில் நடக்கப் போய்வருகின்றன. படங்களும் போடுகிறார்கள். அந்தப் படங்களில் ஜாக்கெட் இருக்கிறது, கூலிங் கிளாஸ் இருக்கிறது, கொடி இருக்கிறது, நான் சொல்லப்போகிற மூன்று சாமான் மட்டும் ஒருத்தர் முதுகிலும் இல்லை.

மூன்று சாமான் என்பது ஒரு ட்ரான்ஸீவர் (மலையில் எல்லாரும் பீக்கன் என்கிறார்கள்), ஒரு ப்ரோப், ஒரு ஷவல். பீக்கன் நெஞ்சில் கட்டிக்கொள்கிற சின்ன ரேடியோ, நடக்கும்போது சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும், ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்களுடையதைத் தேடு நிலைக்கு மாற்றி அந்தச் சிக்னலைப் பிடித்துப் போவார்கள். ப்ரோப் என்பது மடக்கிவைத்து, உதறினால் நீளமாகிற அலுமினியக் கம்பி, பனிக்குள் குத்தி ஆளைத் தொட்டுப் பார்க்க. ஷவல் தோண்டுவதற்கு, கைப்பிடி கழலும், பையில் அடங்கும். ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிற சித்தி மகள் லீவுக்கு வந்தபோது இரண்டு செட் வாங்கி வந்தாள். ஒரு செட் நாற்பதாயிரத்தைத் தொட்டது. "இந்தக் காசுக்கு ஒரு செயினு எடுத்திருக்கலாம்" என்று சித்தி இன்றைக்கும் சொல்கிறாள். பிராண்டு பெயரை விட்டுவிடுகிறேன், ஏனென்றால் இப்போது விற்கிற மூன்று ஆன்டெனா டிஜிட்டல் மாடல்கள் எல்லாமே அடிப்படை வேலையைச் செய்கின்றன. எது வாங்கினோம் என்பதைவிட எத்தனை தடவை பழகினோம் என்பதுதான் கணக்கு. அதோடு எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில்தான் பேசும், ஆகவே உங்கள் கையில் ஒரு கம்பெனி, நண்பன் நெஞ்சில் இன்னொரு கம்பெனி என்றாலும் கவலை இல்லை.

ஏன் வாங்கினோம் என்றால், அதற்கு முந்தின குளிர்காலத்தில் ஒரு பயண ஏற்பாட்டாளருடன் உத்தரகண்டில் ஒரு நடைக்குப் போனோம். சாப்பாடு பிரமாதம், கூடாரம் நல்லது, காலையில் சூடாக இஞ்சி டீ. மூன்றாம் நாள் ஒரு திறந்த சரிவைக் குறுக்காகக் கடக்கும்போது காலடியில் "வூம்ப்" என்று ஒரு சத்தம். பெரிய பலாப்பழம் ஈர மண்ணில் விழுந்தது போல. காது கேட்டதைவிடக் கால் கேட்டது என்பதுதான் சரி. பதினெட்டுப் பேர் வரிசையாக ஒருவர் பின் ஒருவராக அதே சரிவில் நிற்கிறோம். முன்னே போன வழிகாட்டிப் பையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான், பனி மூச்சு விடுகிறது என்றான். நாங்களும் சிரித்தோம்.

ஊருக்கு வந்து மாமாவிடம் இதைச் சொன்னேன். மாமா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், காஷ்மீரில் மேலே மூன்று குளிர்காலம் பார்த்தவர். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "லே, அந்தச் சத்தம் கேட்டா ஓடிராண்டாமா? நீங்க சிரிச்சியளாக்கும்?" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. சியாச்சினில் 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சோனம் காவல் சாவடி மேல் பனி இடிந்து விழுந்ததே, பத்துப் பேரும் 19 மெட்ராஸ் பட்டாலியன்காரர்கள், நாலு பேர் தமிழ்நாடு. ஆறு நாள் கழித்து ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள், அவரும் 11-ஆம் தேதி போய்விட்டார். மாமாவுக்கு அந்தச் செய்தி செய்தி இல்லை. அவர் காலத்தில் இடுப்பில் சிவப்புக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டே நடப்பார்களாம், ஆள் புதைந்தாலும் கயிற்றின் ஒரு நுனியாவது மேலே கிடக்கும் என்ற நம்பிக்கையில். பீக்கன் அந்தக் கயிற்றின் பேரன்தான். 1968-இல் ஜான் லாட்டன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஸ்காடி என்று முதல் கருவியைச் செய்தார். அப்போது காதில் வைத்துச் சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று கேட்டுத்தான் தேட வேண்டும். அம்புக்குறியும் எண்ணும் காட்டுகிற டிஜிட்டல் வகை 1997-இல்தான் வந்தது.

அந்த "வூம்ப்" என்னவென்றால், குளிர்கால ஆரம்பத்தில் கொஞ்சமாகப் பனி விழுந்து அப்படியே கிடக்கும். கீழே தரை பூஜ்யம் டிகிரிக்குப் பக்கம், மேலே காற்று கடும் குளிர். நடுவில் இருக்கிற மெல்லிய பனிக்குள் நீராவி கீழிருந்து மேலே போய்ப்போய், பனித்துகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டாத சீனி மாதிரி ஆகிவிடும். அதன்மேல் பிறகு கனமாகப் பனி விழுந்து காற்றில் இறுகினால், தரையில் கடுகைக் கொட்டி அதன்மேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தது போலத்தான். நாம் கால் வைத்ததும் கடுகு நசுங்குகிறது, அந்தச் சத்தம்தான் அது. அந்த இடம் சரிவாகவும் இருந்தால் பலகை முழுவதும் நம்மையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும். ஆட்கள் மாட்டிக்கொள்கிற பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை தானாக வருவதில்லை, மாட்டியவரோ அவர் கூட்டத்தில் ஒருவரோ மிதித்துத்தான் கிளம்புகின்றன என்று படித்தபோது எனக்கு அந்தப் பதினெட்டுப் பேர் வரிசைதான் ஞாபகம் வந்தது.

சரி, சாமானுக்கு வருகிறேன்.

பீக்கனை எங்கே பழகுவது? கீரிப்பாறையில் பனி பெய்யும் வரை காத்திருக்க முடியாது. சொத்தவிளைக் கடற்கரைக்குப் போனோம், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, நான், தம்பி, மாமா மகன், அவன் கூட்டாளி ஒருத்தன். ஒரு பீக்கனை 'அனுப்பு' நிலையில் பழைய பிளாஸ்டிக் டிபன் பாக்சில் வைத்து, தாழைப்புதர் ஓரமாகக் காய்ந்த மணலில் முழங்கை ஆழத்துக்குத் தம்பி புதைத்துவிட்டு வருவான், நாங்கள் இன்னொன்றைத் 'தேடு' நிலைக்கு மாற்றிக் கண்டுபிடிக்க வேண்டும். அலையடிக்கிற ஈர மணலில் புதைக்காதீர்கள், உப்புத்தண்ணீர் ரேடியோ அலையைத் தின்றுவிடும், கருவி மேல் வீணாகச் சந்தேகம் வரும். நம் ஊர்க் கறுப்பு மணல் குழப்புமோ என்றும் பயந்தேன் (சின்ன வயதில் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மணவாளக்குறிச்சிப் பக்கம் இழுத்தால் மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு வருமே), ஆனால் நாங்கள் பழகிய இடத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

முதல் தடவை எனக்குப் பதினொன்றரை நிமிடம் ஆனது. அந்த நேரத்துக்குள் தம்பியின் டிபன் பாக்ஸ் செத்திருக்கும்.

இது விளையாட்டுக் கணக்கு இல்லை. முழுக்கப் புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். முப்பத்தைந்து நிமிடம் ஆனால் பத்தில் மூன்று பேர்தான். ஓடி நின்ற பனி நுரை மாதிரி இருக்காது, சிமெண்டு மாதிரி இறுகிவிடும், உள்ளே இருப்பவர் விரலைக்கூட அசைக்க முடியாது, விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டு கிடப்பார். மீட்புப் படை, ஹெலிகாப்டர் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வராது. பக்கத்தில் நிற்கிற நண்பன்தான் மீட்புப் படை. இந்தக் கருவியில் எல்லாருக்கும் முதலில் புரியாத விஷயமும் இதுதான்: என் பீக்கன் என்னைக் காப்பாற்றாது. நான் புதைந்தால் என்னைக் காப்பாற்றப்போவது தம்பி கையில் இருக்கிறதும், அதை அவன் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பழகினான் என்பதும். ஒருத்தர் மட்டும் வாங்கி மாட்டிக்கொண்டு போவது, ஊரில் யாரிடமும் போன் இல்லாதபோது நாம் மட்டும் போன் வாங்கிய மாதிரி.

தேடும் விதத்தையும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பெட்டிக்குள் இருக்கிற விளக்கத்தாளின் எழுத்து மருந்துச் சீட்டைவிடப் பொடி. முதலில் எல்லாரும் பீக்கனைத் தேடு நிலைக்கு மாற்ற வேண்டும், ஒருத்தர் மறந்தாலும் நாம் அவரைத்தான் கண்டுபிடிப்போம். சிக்னல் கிடைக்கும் வரை சரிவில் ஓட்டம். கிடைத்ததும் திரையில் அம்பும் ஓர் எண்ணும் வரும். அம்பு போகச் சொல்கிற வழி நேராக இருக்காது, வளைந்து வளைந்து போகும். முதல் நாள் நாங்கள் கருவி பழுது என்றே நினைத்தோம். பள்ளிக்கூடத்தில் காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் தூவினால் வளைவு வளைவாக நிற்குமே, அந்த வளைவு வழியாகத்தான் அது நம்மைக் கூட்டிப்போகிறது, திரையில் வருகிற எண்ணும் அந்த வளைவின் தூரம்தான், மீட்டரில். ஆகவே அதோடு சண்டை போடாமல் அம்பு சொன்னபடி போக வேண்டும். எண் மூன்றுக்கு வந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, குனிந்து, கருவியைத் தரையோடு தரையாக வைத்து, திருப்பாமல், மெதுவாக, சிலுவைக்குறி போடுகிற மாதிரி முன்னும் பின்னும் இடமும் வலமும் நகர்த்தி எண் எங்கே மிகக் குறைகிறதோ அங்கே நிற்க வேண்டும். ஓடுகிற கால் ஓடிக்கொண்டே இருக்கத்தான் பார்க்கும், எங்கள் பதினொன்றரை நிமிடத்தில் ஆறு நிமிடம் இங்கேதான் போயிற்று. நாலாவது ஞாயிறு மூன்று நிமிடத்துக்குள் வந்துவிட்டோம், தோண்டுவதைச் சேர்க்காமல்.

இன்னொன்று, போன். தேடும்போது போன் கருவியிலிருந்து அரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், அனுப்பு நிலையில் இருக்கும்போதும் ஒரு சாண் தள்ளி. மாமா மகன் சட்டைப்பையில் போனை வைத்துக்கொண்டு அதன்மேலேயே பீக்கனைக் கட்டியிருந்தான், அம்பு பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றியது.

ப்ரோப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. எங்களுடையது 240 செ.மீ., உதறி ஒரு கயிற்றை இழுத்தால் நிற்கிறது. எண் குறைந்த இடத்தில் குத்தி, கிடைக்கவில்லை என்றால் ஒரு சாண் இடைவெளியில் சுற்றிச் சுற்றிக் குத்திக்கொண்டே வெளியே வர வேண்டும், ஆளைத் தொட்டதும் கம்பியை உருவாமல் அப்படியே விட வேண்டும். குறை என்றால், நம் கடற்காற்றுக்கு உள்ளே இருக்கிற இரும்பு வயர் இரண்டு மாதத்தில் துருப்பிடித்தது. அது கம்பெனிக் குற்றம் இல்லை, உப்புக்காற்றில் பழகிவிட்டு நல்ல தண்ணீரில் கழுவாமல் வைத்த என் குற்றம்.

ஷவலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஜெர்மனிப் பெட்டி வருவதற்கு முன்னால் ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஷவல் வாங்கியிருந்தேன், அதே சொத்தவிளை மணலில் நாலாவது தோண்டலில் கழுத்து முறிந்தது. மணலுக்கே முறிந்தது சிமெண்டு மாதிரி இறுகிய பனியில் என்ன ஆகும்? அலுமினியம்தான் வாங்க வேண்டும், கைப்பிடி நீளமாக வேண்டும். தேடுகிற வேலை மூன்று நிமிடம் என்றால் தோண்டுகிற வேலை பத்து நிமிடம். ஒரு மீட்டர் ஆழத்தில் கிடக்கிற ஆளை எடுக்க ஒரு டன்னுக்குக் குறையாமல் பனியைத் தள்ள வேண்டும், அதுவும் நேர்மேலே நின்று கிணறு வெட்டுகிற மாதிரி இல்லை, சரிவின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் தள்ளி நின்று பக்கவாட்டில் உள்ளே போக வேண்டும், மேலே ஏறி நின்றால் அவருடைய மூச்சுக்கு இருக்கிற கொஞ்ச இடத்தையும் மிதித்து அமுக்கிவிடுவோம்.

மூன்றாவது ஞாயிறு பள்ளம் ஊர்க்காரரான வயசான பாட்டா ஒருத்தர் வலையை உதறிக்கொண்டே எங்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மக்களே தேடுதிய, தங்கமா?" என்றார். தம்பி விளக்கினான். மலையில் வெயில் அடிக்கும் பாட்டா, வானம் நீலமாகப் பளபளவென்று இருக்கும், காற்றே இருக்காது, அன்றைக்குத்தான் ரொம்ப ஆபத்து, ஏனென்றால் முந்தின இரண்டு நாள் விழுந்த பனி இன்னும் ஒட்டியிருக்காது. பாட்டா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "அப்போ கள்ளக்கடலு மாதிரியாக்கும்" என்றார்.

நான் படித்த எந்த விளக்கமும் இவ்வளவு சின்னதாக இல்லை. கள்ளக்கடல் அப்படித்தானே, இங்கே காற்றும் இல்லை மழையும் இல்லை, எங்கேயோ இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயலின் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்து வந்து ஒரு நல்ல நாளில் கரையைத் தூக்கும். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் மூழ்கி இறந்தது அப்படி ஒரு நாளில்தான். கடல் நிலவரம் சொல்கிற ஹைதராபாத் இன்காய்ஸ் மையத்தின் எச்சரிக்கை இருந்த நாள். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கடல் எப்படித் தெரிந்திருக்கும்? நமக்கு அந்தச் சரிவு தெரிந்த அளவுக்குத்தான்.

பனிக்கும் அப்படி எச்சரிக்கை சொல்ல ஆள் இருக்கிறார்கள். மணாலியில் 1969-இல் தொடங்கிய பனி, பனிச்சரிவு ஆய்வு மையம் 2020-இல் இன்னொரு பாதுகாப்பு ஆய்வகத்தோடு இணைந்து, இப்போது டி.ஜி.ஆர்.இ. என்ற பெயரில் சண்டிகரிலிருந்து ஜம்மு காஷ்மீர், இமாச்சல், உத்தரகண்ட் மாவட்டங்களுக்கு எச்சரிக்கை விடுகிறது. ஐரோப்பாவில் ஆபத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை அளவு வைத்திருக்கிறார்கள், அங்கே சாவு அதிகம் நடப்பது ஐந்திலோ நாலிலோ இல்லை, மூன்றில். ஐந்து என்றால் யாரும் வெளியே போவதில்லை, மூன்று என்றால் 'பார்த்துக்கலாம்' என்று போகிறோம்.

இந்தச் சாமான்களோடு காஷ்மீரில் குல்மார்க் போனது 2025 பிப்ரவரி கடைசியில். நாகர்கோவிலில் ஹிம்சாகர் ஏறினோம், பெயரிலேயே பனியும் கடலும் இருக்கிற ரயில், கட்ராவில் இறங்கும்போது முதுகு இரண்டாகியிருந்தது, அதற்கு மேல் ஜீப். விமான நிலையத்தில் சாட்டிலைட் போன் என்று நினைத்துப் பிடித்துவைப்பார்களோ என்று பயந்துதான் போகும்போது ரயில். திரும்பும்போது விமானத்தில் வந்தோம், பையைத் திறந்து கேட்டார்கள், விளக்கத்தாளைக் காட்டினோம், விட்டுவிட்டார்கள். பாட்டரியை முன்கூட்டியே கழற்றி வையுங்கள்.

நாங்கள் நாலு பேர், கையில் இரண்டு செட். மீதி இரண்டை அங்கே ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தோம். கடை பெயர் வேண்டாம், அநேகமாக எந்தக் கடையிலும் இது நடக்கலாம். ஒரு பீக்கனின் பாட்டரி அறையைத் திறந்தால் வெள்ளையாகப் பூத்திருந்தது, இன்னொன்றில் ரீசார்ஜ் பாட்டரி போட்டிருந்தார்கள். டிவி ரிமோட்டில் போடுகிற அதே அளவு சின்ன பாட்டரிதான், ஆனால் அந்த மாடல்களில் ஆல்கலைன்தான் போட வேண்டும், ரீசார்ஜ் பாட்டரி தீரப்போகிற கடைசி நொடி வரை திரையில் நிறைய இருப்பதாகப் பொய் சொல்லும். கடைக்காரர் "எல்லாரும் இதைத்தான் எடுத்துப்போகிறார்கள்" என்றார். எடுத்துப்போகிறார்கள்தான், கழுத்தில் தாயத்து மாதிரி. வாடகைக்கு எடுப்பவர்கள் கடை வாசலிலேயே ஒன்றை அனுப்பில் வைத்து, முப்பது அடி தள்ளி நின்று இன்னொன்றில் பிடித்துப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். நாங்கள் அப்படிப் பார்த்துத்தான் இரண்டையும் மாற்றினோம்.

வழிகாட்டி உள்ளூர்க்காரர், நாற்பது வயதுக்கு மேல், அதிகம் பேசாதவர். தினமும் காலை நடை தொடங்கும் முன் அவர் பத்து அடி முன்னே போய் நின்று, ஒவ்வொருவராக அவரைக் கடந்து போகச் சொல்வார், நம் பீக்கன் அவர் கையில் கூவினால்தான் அடுத்த அடி. முந்தின வருஷம் பதினெட்டுப் பேரைக் கூட்டிப்போனவர்கள் எங்களிடம் காலையில் எண்ணிப் பார்த்தது டீ டம்ளரைத்தான்.

அந்த பிப்ரவரியில் குல்மார்க்கில் பனி ரொம்பக் குறைவு, கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியையே பனி இல்லாமல் தள்ளிப்போட்டிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சரிவில் அங்கங்கே புல் தெரிந்தது. மாமா மகன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு 26-ஆம் தேதி வாக்கில் தொடங்கியது பாருங்கள், இரவும் பகலும். ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. 28-ஆம் தேதி உத்தரகண்டில் மாணா பக்கம் எல்லைச் சாலைப் பணியாளர் முகாம் மேல் பனிச்சரிவு விழுந்தது, ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாட்டி, எட்டுப் பேர் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி வந்த மாலையில் வீட்டிலிருந்து வந்த போனுக்குக் கணக்கே இல்லை. அது உத்தரகண்ட், நாங்கள் காஷ்மீர் என்று சொன்னால் அம்மாவுக்கு எப்படிப் புரியும்?

பனி நின்று வானம் தெளிந்த முதல் நாள். நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். அஃபர்வாட் மலை தொட்டுவிடும் தூரத்தில் பளபளக்கிறது. நாங்கள் நாலு பேரும் பூட்ஸ் போட்டுத் தயார். வழிகாட்டி மேலே பார்த்தார், முகட்டிலிருந்து வெள்ளைப் புகை மாதிரி ஒன்று ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கீழே காற்றே இல்லை, மேலே முப்பந்தல் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் பைக் ஓட்டினவர்களுக்கு அந்தக் காற்றின் குணம் தெரியும். அது மலையின் ஒரு முகத்துப் பனியைச் சுரண்டி, முதுகுப்பக்கம் கொண்டுபோய்க் கொட்டும். நம் கடற்கரையில் மதில் சுவரின் பின்னால் மணல் குவிகிற மாதிரிதான். வானத்திலிருந்து விழுவதைவிட வேகமாக, இறுக்கமாகக் குவியும். 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி இரண்டு போலந்துச் சறுக்கு வீரர்கள் இறந்ததும் அதே அஃபர்வாட் பக்கம்தான்.

மேலே இல்லை என்றார். கீழே மரக்கூட்டத்துக்குள், சரிவு குறைந்த பக்கமாகக் கூட்டிப்போனார். அங்கே எங்கள் ஷவலை வாங்கிச் சுவர் மாதிரி நேராக ஒரு குழி வெட்டினார். அந்த வெட்டில் எல்லாமே தெரிந்தது: மேலே புதுப்பனி, தடிமனாக, வெள்ளையாக, கெட்டியாக, அடியில் ஒரு முழத்துக்கும் குறைவாகச் சாம்பல் நிறத்தில் பழைய பனி. அந்தப் பழைய பனியில் கையை விட்டேன், சீனி டப்பாவுக்குள் விட்ட மாதிரி கொட்டியது. பிறகு அவர் ஒரு தூண் போல அறுத்தெடுத்து, அதன் தலையில் ஷவலை வைத்து, மணிக்கட்டால் பத்துத் தட்டு, முழங்கையால் பத்து, தோளிலிருந்து பத்து என்று முப்பது வரை தட்டிப் பார்க்கும் சோதனையைத் தொடங்கினார். பதின்மூன்றாவது தட்டில் மேல்பனி முழுவதும் அலமாரி டிராயர் மாதிரி அப்படியே முன்னால் நழுவி வந்தது. ஒருவரும் பேசவில்லை. முந்தின வருஷம் கேட்ட "வூம்ப்" எனக்கு அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

போனில் இருக்கிற மட்டம் பார்க்கும் செயலியை வைத்துச் சரிவை அளக்கவும் கற்றுக்கொடுத்தார். 30 டிகிரிக்கு மேல் 45 வரை என்றால்தான் பெரும்பாலும் இந்த விபத்து நடக்கும், அதைவிடக் குறைந்த சரிவில், மேலே தொங்குகிற சரிவு எதுவும் இல்லாத இடத்தில் நடந்தால் எந்தப் பனியிலும் ஓரளவு நிம்மதி. ஊருக்கு வந்து சொத்தவிளையில் உதிர்ந்து நிற்கிற மணல் மேட்டை அளந்தேன், 33 காட்டியது. காய்ந்த மணல் அதற்கு மேல் நிற்காது. அந்த மேட்டை இப்போது பார்த்தால் பனிச்சரிவுச் சரிவு எது என்று கண்ணாலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆக, நாற்பதாயிரம் ரூபாய்ச் செட்டில் குல்மார்க்கில் நாங்கள் உண்மையில் பயன்படுத்தியது ஷவல் மட்டும்தான், அதுவும் குழி வெட்ட. மூன்று நாள் மரங்களுக்குள் நடந்தோம், கஹ்வா குடித்தோம், உச்சிக்குப் போகவில்லை. மாமா மகனுக்கு இன்னும் வருத்தம், படம் ஒன்றும் 'மாஸாக' அமையவில்லையாம். பீக்கனுக்கு நான் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், கையுறையோடு, தேடு நிலைக்கு மாற்றுகிற பொத்தானைத் தள்ளுவது கஷ்டம் என்பதால் அரை குறைத்தேன். ப்ரோப்புக்கு நாலு. ஷவலுக்கு ஐந்து. அந்த உள்ளூர் வழிகாட்டிக்கு எத்தனை கொடுப்பது என்று தெரியவில்லை, அன்றைக்கு அவர் இல்லாமல் நாங்கள் நாலு பேரும் கழுத்தில் பீக்கனோடு, தைரியமாக, அந்த நீல வானத்துக்குக் கீழே மேலே ஏறியிருப்போம். கருவி இருக்கிறதே என்ற தைரியம் இருக்கிறதே, அதைப் பற்றி விளக்கத்தாளில் ஒரு வரி கூட இல்லை. மரத்திலும் பாறையிலும் மோதி உருண்டு வருகிற ஆளை எந்தப் பீக்கனும் எழுப்பாது.

குளிர்காலத்தில் போக நினைப்பவர்கள் ஏற்பாட்டாளரிடம் சாப்பாடு சைவமா அசைவமா என்று கேட்பதோடு, ஆளுக்கொரு பீக்கன் உண்டா, முதல் நாள் பழக்குவீர்களா, மோசமான நாளில் உச்சியை விட்டுத் திரும்பினால் பணத்துக்குச் சண்டை வருமா என்றும் கேளுங்கள். நான் கேட்ட மூன்று இடங்களில் ஒன்றில்தான் நேரான பதில் வந்தது.

எங்கள் செட் இரண்டும் இப்போது வீட்டுப் பரணில், அரிசிப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் யாராவது போவதாக இருந்தால் தருகிறேன், வாடகை வேண்டாம். அதற்கு முன் ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சொத்தவிளைக்கு வர வேண்டும், இரண்டு பேராக. தனியாக வந்தால் தரமாட்டேன். திருப்பிக் கொடுக்கும்போது பாட்டரியைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.